இருமல் நின்றது, மருந்துமா நிற்பது?

(தியாகதுருகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"இருமல் எப்படி இருக்கிறது?"

"நின்றுவிட்டது ஐயா!"

"காய்ச்சல்?"

"அதுவும் போயிற்று."

"மாத்திரை?"

"இருமலோடு அதையும் வழியனுப்பிவிட்டேன் ஐயா!"

இது நான் எழுதிய நாடகத்தின் வசனமல்ல, தோழர்களே! நாள்தோறும் நம் நாட்டு மருத்துவர் வாசல்களிலே, எவரும் எழுதிக் கொடுக்காமலே பேசப்படும் வசனம். தியாகதுருகத்துக் கூட்டத்திலே இதைச் சொன்னபோது சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவர்களிலே சிலர் சட்டென்று சிரிப்பை அடக்கிக்கொண்டதையும் மேடையிலிருந்து கண்டேன். அவர்கள் வீட்டு அலமாரியிலும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கிடக்கிறதோ என்னவோ! இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலே இல்லை என்றால் மகிழ்ச்சி. இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வேறெந்தச் செய்தியையும் படிப்பதற்கு முன்பு இதைப் படியுங்கள்.

அரசியல் மேடையிலே காசநோய்க்கு என்ன வேலை என்று கேட்பார் உளர். எனக்கு அதிலே ஐயமே இல்லை. எந்த நோய் ஏழையைத் தேடி வருகிறதோ, எந்த நோய் குடிசையின் காற்றோட்டத்தையும், கூலியின் அளவையும், தட்டிலே விழும் பருப்பின் எடையையும் விசாரித்துவிட்டு உள்ளே நுழைகிறதோ, அந்த நோய் அரசியல்தான். உலகிலே காசநோய்க்கு ஆளாகும் நால்வரில் ஒருவர் இந்தியர். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகிலே 12 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மருந்து இல்லாத நோயா? இல்லை! மருந்து உண்டு. இலவசமாகவே உண்டு. பின் ஏன் இந்தச் சாவு?

தியாகதுருகத்து மலைமேல் ஒரு கோட்டை நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காக மோதிக்கொண்டனர். அந்தக் கோட்டைக் காவலனுக்கு ஒரு வசதி இருந்தது. எதிரி வந்தால் கண்ணுக்குத் தெரிவான். போனால் போனதும் தெரியும். காசநோய்க் கிருமி அப்படிப்பட்ட எதிரி அல்ல. மருந்தின் முதல் இரண்டு மாதத் தாக்குதலிலே பெரும்படை மடியும். இருமல் அடங்கும், காய்ச்சல் தணியும், பசி திரும்பும். ஆனால், மெல்ல வளரும் சில கிருமிகள் உடம்பின் மூலையிலே பதுங்கிக் கிடக்கும். அவற்றையும் தீர்த்துக் கட்டத்தான் மேலும் நான்கு மாதம் மருந்து. "படை ஓடிவிட்டது" என்று காவலைக் கலைத்தால், பதுங்கியது திரும்பும். திரும்பும்போது, பழைய மருந்துக்குப் பணியாத கிருமியாகவும் திரும்பக்கூடும்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். இது ஊரறிந்த செய்தி. மாற்றுக் கட்சி நண்பர்கள் அடிக்கடி நினைவூட்டவும் தவறுவதில்லை. படிப்பைப் பாதியிலே விட்டவன் மேடை ஏறிப் பிழைத்துக்கொள்ளலாம். மருந்தைப் பாதியிலே விட்டவனுக்கு அப்படியொரு மேடை இல்லை.

நம் நாடகங்களும் திரைப்படங்களும் இந்நோய்க்குச் செய்த கொடுமை கொஞ்சமன்று. கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையிலே குருதித் துளி, உடனே வயலின் அழும், இறுதிக் காட்சியிலே மரணம். இருமினால் இறுதிக் காட்சிதான் என்று மக்கள் மனத்திலே எழுதியாகிவிட்டது! ஒரு காலத்திலே அது உண்மையாகவும் இருந்தது. புதுமைப்பித்தன், தமிழ்ச் சிறுகதையின் தலைமகன், படத்துக்கு வசனம் எழுதப் புனே சென்ற இடத்திலே நோயுற்று, 1948இல், 42 வயதிலே காசநோய்க்குப் பலியானார். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943லேயே அமெரிக்காவிலே கண்டறியப்பட்டுவிட்டது. மருந்து பிறந்து ஐந்தாண்டு, எழுத்தாளன் மறைந்தான்! 1952இலே ஐசோனியசிட் வந்தது. விலை மலிவு, விழுங்க எளிது, வேலையோ வலிது. அதன் பிறகும் "இருமினால் மரணம்" என்று காட்டுவது கலையாகாது, பழங்கணக்கு.

அந்த நாளிலே காசநோய்க்கு மருத்துவம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு. சென்னைக்கு அருகே தாம்பரத்திலே 1928இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய சானடோரியத்தின் பெயர் இன்றும் இரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. போற்றத்தக்க முயற்சிதான். ஆனால் கணக்குப் பாருங்கள்! நோயாளிகள் இலட்சக்கணக்கில்; படுக்கைகள் சில ஆயிரம். 1955 முதல் 1958 வரை நாடு முழுதும் நடந்த ஆய்வு மற்றொரு நம்பிக்கையையும் உடைத்தது. காசநோய் பட்டணத்து நோய் அல்ல. பட்டணத்திலே எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே சிற்றூரிலும்! கல்வராயன் மலையடிவாரத்து உழவனுக்குத் தாம்பரத்திலே படுக்கை எப்போது கிடைக்கும்? கிடைத்தாலும், அவன் படுத்துக்கொண்டால் வீட்டிலே அடுப்பு எரியுமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லிய ஊர் லண்டன் அல்ல, நியூயார்க் அல்ல, நம் சென்னை! இதை நான் பெருமையோடு சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்க்கே இது சரிவரத் தெரியாது. 1956இலே சென்னை சேத்துப்பட்டிலே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் போன்ற முறையிலே இரு கூறாக்கினர். ஒரு கூறு சானடோரியத்துக்கு. மறு கூறு வீட்டுக்கே! இரு கூறுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸ் என்னும் மருந்தும், ஓராண்டுக்கு.

சானடோரியத்திலே படுக்கை, ஓய்வு, ஊட்டமான உணவு, செவிலியர் கவனிப்பு. வீட்டிலோ? ஒரே அறையிலே குடும்பம் முழுதும், கஞ்சியும் கூழும், எழுந்து நடக்க முடிந்ததும் வேலை. எது வெல்லும் என்று கேட்டால் எவரும் என்ன சொல்வார்? முடிவு 1959இலே வெளிவந்தது. ஓராண்டு இறுதியிலே நோய் அடங்கியோர், சானடோரியத்திலே 92 விழுக்காடு. வீட்டிலே 86 விழுக்காடு. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வேறுபாடும் கரைந்தது. "வீட்டிலே வைத்தால் வீட்டாருக்கெல்லாம் தொற்றுமே?" என்று அஞ்சினர். வீட்டிலிருந்த நோயாளியின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றவரின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் தொற்றும் வலிமை விரைவிலே குன்றுகிறது. உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதிலே, சென்னைக் குடிசையிலே கிடைத்த இந்தச் சான்றுக்குப் பெரும் பங்குண்டு. அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையமாக அதே சேத்துப்பட்டிலே விளங்குகிறது.

ஆனால், வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் தொடங்கிற்று! சானடோரியத்திலே செவிலி கையிலே கொடுப்பாள், கண்முன்னே விழுங்குவான். வீட்டிலே? நோயாளி வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்வார். விழுங்கினாரா, வீசினாரா, யார் கண்டது? ஆகவே சென்னையிலே ஒரு கண்காணிப்புக் கலையையே உருவாக்கினர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமுள்ள மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்தனர், பாஸ் உடம்புக்குள்ளே சென்றிருந்தால், சில துளி இரும்புக் குளோரைடு விட்டதும் நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். பாஸ் மருந்தோ வயிற்றைப் புரட்டும். விழுங்க வேண்டிய அளவும் அதிகம். பலர் தவறினர். நன்றாக எடுத்துக்கொள்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியவரின் சிறுநீர் வேறு கதை சொல்லிற்று!

இங்கேதான் அறிவுடையார் செய்வதைச் செய்தார்கள். "ஏழை, எழுத்தறியாதவன், இவன் இப்படித்தான்" என்று ஏசிவிட்டு ஏட்டை மூடவில்லை. தவறுவது மனித இயல்பு. படித்தவனும் தவறுகிறான், பணக்காரனும் தவறுகிறான். ஆகவே தவறாதபடி மருத்துவத்தை மாற்றுவோம் என்று எண்ணினர். தினமும் விழுங்குவதற்குப் பதிலாக வாரம் இருமுறை, மருத்துவ ஊழியர் கண்ணெதிரிலே மருந்து என்னும் முறையைச் சோதித்து, 1964இலே அதன் வெற்றியை உலகுக்கு அறிவித்தனர். நேரடிக் கண்காணிப்பு மருத்துவம் என்று பின்னாளிலே உலக சுகாதார நிறுவனம் நாடு நாடாகப் பரப்பியதே, அதன் வேர்களிலே ஒன்று சேத்துப்பட்டிலே ஊன்றியது.

நாடகக்காரன் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது. திரைக்குப் பின்னே நின்று நடிகனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் உண்டல்லவா, அவர் நடிகனைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. மறப்பான் என்று தெரிந்தே நிற்கிறார். மறந்ததும் மெல்லச் சொல்கிறார். கூட்டத்துக்குக் காட்டிக் கொடுப்பதில்லை. நோயாளிக்கு வேண்டிய கண்காணிப்பு அத்தகையது. நாம் தந்ததோ பல நேரம் வேறு. ஏட்டிலே என்ன எழுதினோம் தெரியுமா? மருந்தை நிறுத்தியவரை 'டிஃபால்ட்டர்' என்று எழுதினோம்! வங்கியிலே வாங்கிய கடனைக் கட்டாதவனைக் குறிக்கும் சொல். சோதனைக்கு வந்தவரை 'சந்தேகத்துக்குரியவர்' என்று எழுதினோம். அது காவல் நிலையத்துச் சொல். 2013இலேதான் உலக சுகாதார நிறுவனம் இவ்விரு சொற்களையும் மாற்றியது. கூலியை இழந்து, வெயிலிலே நடந்து, கண்ணெதிரிலே விழுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றும் விதித்துவிட்டு, ஒரு நாள் வராதவனைக் கடனாளி என்றோம். வராதது அவன் குற்றமா, வரமுடியாத தூரத்திலே மருந்தை வைத்தது நம் குற்றமா?

கல்வராயன் மலையிலிருந்து ஆணும் பெண்ணும் பருவந்தோறும் வேலை தேடி அண்டை மாநிலங்களுக்கு இறங்குகின்றனர். கரும்பு வெட்டுக்குச் செல்வோர் உளர். செங்கல் சூளைக்குச் செல்வோர் உளர். வெள்ளிமலையிலே தொடங்கிய மருந்து, கேரளத்திலே தொடர வேண்டும். இன்று நிக்ஷய் என்னும் கணினிப் பதிவேட்டிலே ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் அதைச் சொல்லித் தொடரலாம். எண் இருக்கிறது, அதை அவன் கையிலே எழுதிக் கொடுத்து, "போகும் ஊரிலே இதைக் காட்டு" என்று சொன்னவர் எத்தனை பேர்? ஊருக்குக் கிளம்பும் முன்பு மருந்தகத்திலே வந்து சொல் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், வழிமருந்தும் கொடுத்தனுப்பலாம். செலவில்லாத வேலை; செய்வாரில்லாமல் கிடக்கிறது.

இனி, இந்தக் கதையின் மற்றொரு பாத்திரத்துக்கு வருகிறேன். அவர்தாம் தெருமுனையிலே கிளினிக் வைத்திருக்கும் நம் குடும்ப டாக்டர். அவரைத் தூற்ற நான் வரவில்லை. நள்ளிரவிலே கதவைத் தட்டினால் திறப்பவர் அவர். ஏழைக்கு முதல் மருத்துவர் அவர்தாம். அதனாலேயே அவரிடம் கேட்கிறேன்.

பெங்களூரிலே 1959இல் தேசிய காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் பானர்ஜியும் ஆண்டர்சனும் கருநாடகத்துச் சிற்றூர்களிலே நோயாளிகளைத் தேடிச் சென்று 1963இலே ஓர் உண்மையை வெளியிட்டனர். அதுவரை மேதாவிகள் என்ன சொல்லி வந்தார்கள்? "கிராமத்தான் அறியாதவன்; நோய் முற்றும்வரை வரமாட்டான்" என்று. ஆய்விலே கண்டதென்ன? சளியிலே கிருமி இருந்தவர்களிலே ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னமே மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தார்கள்! சென்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. வந்தான், தோழர்களே, அவன் வந்தான்! வந்தவனை நாம் புட்டி கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

1991இலே பம்பாய் தாராவியிலே மற்றோர் ஆய்வு. தமிழர்கள் பெருகி வாழும் பகுதி அது. அங்கே 100 தனியார் மருத்துவர்களிடம், காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டனர். 100 பேர் 80 விதமாக எழுதினர்! ஒரே நோய், ஒரே கிருமி, ஒரே தாராவி. மருத்துவம் மட்டும் எண்பது! இருபதாண்டு கழித்து மீண்டும் கேட்டபோதும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. மருந்துக்குப் பணியாத காசநோய் எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்கள், அந்த எண்பதிலே விடையைத் தேடலாம். நோயாளி நிறுத்தியதால் மட்டும் அது பிறக்கவில்லை. தவறாக எழுதியதாலும் பிறந்தது. ஏட்டிலே 'டிஃபால்ட்டர்' என்ற பட்டம் மட்டும் ஒருவருக்கே கிடைத்தது.

சட்டம் சும்மா இல்லை. 2012 மே 7ஆம் நாள் நடுவண் அரசு ஆணை பிறப்பித்தது: காசநோயாளியைக் கண்ட எந்தத் தனியார் மருத்துவரும் அரசுக்கு அறிவிக்க வேண்டும். 2014இலே, இம்மருந்துகளை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2018இலே, அறிவிக்கத் தவறுவோர்க்குத் தண்டனையும் உண்டு என்று அரசிதழ் பேசிற்று. அறிவித்தால் டாக்டருக்கு 500 ரூபாய், மருத்துவம் முடிந்ததைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாய் என்று ஊக்கத்தொகையும் வைத்தார்கள். ஆனாலும் தயக்கம்! "அறிவித்தால் என் நோயாளி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவாரே" என்று டாக்டருக்கு அச்சம். "அறிவித்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே, மகள் திருமணம் நின்றுவிடுமே" என்று நோயாளிக்கு அச்சம். இரண்டுமே பொருந்தாத அச்சம். அறிவித்த பின்னும் அவர் அதே டாக்டரிடம் தொடரலாம். அரசின் இலவச மருந்தை அங்கிருந்தபடியே பெறவும் வழி உண்டு. பதிவேட்டிலே உள்ள பெயர் ஊர்ப்பலகையிலே எழுதுவதற்கன்று.

அறிவித்துவிட்டால் கடமை முடிந்ததா? மாதம் ஒருமுறை வரும் அந்த நோயாளியிடம் தெருமுனை டாக்டர் என்ன பார்க்க வேண்டும்? பெரிய கருவிகள் வேண்டா. எடைபார்க்கும் எந்திரம் ஒன்று போதும், முதலிலே. ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். எடை ஏறினால் மருந்து வேலை செய்கிறது; எடையைப் பார்த்தே மாத்திரையின் எண்ணிக்கையும் அமைகிறது. இரண்டாம் மாத இறுதியிலே சளிச் சோதனை; ஆறாம் மாத இறுதியிலே மீண்டும். இருமல் நின்றதென்பது சோதனைக்கு மாற்றாகாது. கண் மஞ்சளித்ததா என்று பாருங்கள். ஈரலைச் சுடும் மருந்துகள் இவற்றிலே உண்டு. பார்வை மங்குகிறதா, நிறம் வேறாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். எத்தாம்புட்டால் கண்ணைத் தொடக்கூடும். கை கால் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை உண்டா, எச்.ஐ.வி. தொற்று உண்டா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். வீட்டிலே உடன் இருப்போரையும் சோதிக்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளை.

இன்னொன்று, சின்னஞ்சிறு செய்தி. ஆனால் எத்தனை மருத்துவத்தைக் காப்பாற்றும் தெரியுமா? ரிபாம்பிசின் என்னும் மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். முதல் நாளே, "இப்படிப் போகும், அஞ்சாதே, இது மருந்தின் நிறம்" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், குருதி போகிறதென்று நடுங்கி மறுநாளே நிறுத்திவிடுவார். டாக்டரிடம் வந்து சொல்லவும் கூசுவார். சொல்லிவிட்டாலோ, அந்த நிறமே சான்றாகிறது! அன்று சேத்துப்பட்டிலே இரும்புக் குளோரைடு சொட்டிக் கண்டதை, இன்று நோயாளி தானே கண்ணால் காணலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்கு, சளியைச் சோதிக்காமல் லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை எழுதிவிடாதீர்கள். அவை காசநோய்க் கிருமியையும் பாதி அடித்துப் பாதி விட்டுவைக்கும். இருமல் சற்றுத் தணிய, நோய் ஒளிந்துகொள்ள, கண்டறிவது தாமதமாகும். முன்பு நுண்ணோக்கியில்தான் பார்த்தார்கள். இன்று மரபணுச் சோதனை சில மணி நேரத்திலே நோயையும் சொல்லும், முக்கிய மருந்துக்குப் பணியுமா என்பதையும் சொல்லும். 2019 நவம்பரிலே கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியிலே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஒரு காலத்திலே விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் அலைந்த மக்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

நம் தமிழகம் அண்மையிலே செய்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காசநோயால் நேரும் சாவுகளிலே பெரும்பகுதி, மருத்துவம் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்கிறது. அதாவது, மருந்து கையிலே கிடைத்த பிறகு! எல்லாரையும் ஒன்றுபோலப் புறநோயாளியாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியதிலே, அனுப்பக்கூடாதவர்களும் போய்விட்டார்கள். 2022 ஏப்ரலிலே தொடங்கியது காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் தெரிந்த அன்றே சில எளிய கேள்விகள். உயரத்துக்குத் தக்க எடை மிகக் குறைவா? காலிலே வீக்கமா? மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் ஓடுகிறதா? குருதியிலே உயிர்வளி 94க்குக் கீழா? பிறர் துணையின்றி நிற்க முடியாதா? ஆம் என்றால் உடனே மருத்துவமனைப் படுக்கை. இல்லை என்றால் வீடு. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிலையத்தின் துணையோடு நடக்கும் இதை ஒரு செவிலியே ஐந்து நிமிடத்திலே செய்யலாம்.

1959இலே "வீட்டிலே வைத்தும் குணமாக்கலாம்" என்று சொன்னது சென்னை. 2022இலே "எவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது" என்பதைச் சொன்னதும் தமிழகம். முன்னதற்குப் பின்னது மறுப்பல்ல, எஞ்சியிருந்த பாதி.

உணவைப் பற்றியும் ஒரு தவறான பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னை ஆய்விலே கஞ்சி குடித்தவனும் மருந்தாலே குணமடைந்தான் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு, "உணவு முக்கியமல்ல, மாத்திரை போதும்" என்று நெடுங்காலம் பேசினர். வசதியான வாதம்! மாத்திரை கொடுத்தால் போதும், அரிசி கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டிலே ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் 10,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தனர். உணவு பெற்ற குடும்பங்களிலே புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்திலே எடை கூடிய நோயாளிகளிலே சாவும் வெகுவாகக் குறைந்திருந்தது. கிருமியைக் கொல்வது மருந்து, மறுப்பில்லை; பக்கத்திலே படுத்திருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் கிருமி முளைக்காமல் காப்பது பருப்பு.

2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் என்றார்கள். 2024 நவம்பரிலே 1000 ரூபாய் ஆக்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம், எடை ஏற வேண்டிய மாதத்திலே வந்து சேர வேண்டும். குணமாகி வேலைக்குப் போன பிறகு வருவது உணவாகாது.

கடைசியாக, கண்காணிப்போரை யார் கண்காணிப்பது என்ற கேள்வி. நோயாளி ஒரு நாள் மாத்திரை தவறினால் அலைபேசி ஒலிக்கிறது. ஊழியர் வீட்டுக்கு வருகிறார். சரி. 2024இன் தொடக்கத்திலே பல மாநிலங்களிலே காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. நடுவண் அரசு வாங்கி அனுப்ப வேண்டிய மருந்து, வரவில்லை, நீங்களே உள்ளூரிலே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மார்ச் மாதத்திலே மாநிலங்களுக்கு மடல் வந்தது! ஒரு நாள் தவறிய ஏழைக்கு ஏட்டிலே கடனாளிப் பட்டம். வாரக்கணக்கிலே தவறிய அரசுக்கு எந்த ஏட்டிலே என்ன பட்டம்? 2018இலே தில்லியிலே முழங்கினார்கள், உலகம் 2030இலே செய்வதை நாங்கள் 2025இலேயே செய்து காட்டுவோம், காசநோயை ஒழிப்போம் என்று. 2025 வந்தது. நோய் குறைந்திருக்கிறது, உண்மை; ஒழியவில்லை. குறி வைத்ததைக் குறை சொல்லவில்லை. குறி வைத்தவன் அம்பை மறந்துவிட்டு வந்ததைத்தான் சொல்கிறேன்.

கூட்டம் முடிந்து இறங்கியபோது ஆலைத் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "நோய் என்று சொன்னால் முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவாரே, ஐயா?" நான் சொன்னது இது: கிருமி மருந்துக்குப் பணிவதாக இருந்து, மருந்தை ஒழுங்காக எடுத்தால், சில வாரங்களிலே தொற்றும் தன்மை பெரிதும் போய்விடும், டாக்டர் சரி என்றதும் வேலைக்குத் திரும்பலாம். வெளியேற்றுவார் என்று அஞ்சி மறைப்பவன்தான் ஆலைக்குள்ளே இருமிக்கொண்டிருப்பான். அந்தக் கணக்கை முதலாளிக்கு எடுத்துச் சொல்லச் சங்கம் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். ஐயம் இருந்தால் 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம் என்றும் எழுதிக் கொடுத்தேன். மருந்து முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டாண்டு வரை சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை, பலரும் அறிவதில்லை.

அவருக்குப் பின்னே, முந்தானையால் வாயை மூடியபடி இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். தோளிலே கைக்குழந்தை. மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆயிற்றாம். பிள்ளையை மாமியார் தனியே பிரித்து வைத்து, புட்டிப்பால் புகட்டச் சொல்கிறாராம். "நான் பால் கொடுக்கலாமா, அண்ணா?" என்றாள்.

கொடுக்கலாம், அம்மா. முகக்கவசம் அணிந்துகொண்டு கொடு. குழந்தையை நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல். அதற்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, வராமல் தடுக்கும் மருந்தை அவர்களே கொடுப்பார்கள். மாமியாரையும் உடன் அழைத்துப் போ; அவர் சளியையும் சோதிக்க வேண்டும்.